கைதி போட்ட வழக்கு

1788 ஜூலை 1ஆம் தேதி சிட்னியில் ஒரு சிவில் நீதிமன்றம் கூடியது. ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. கூடாரங்கள், மண் பூசிய குடிசைகள், வெட்டிப் போட்ட மரங்கள், அவ்வளவுதான். இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்றிவந்த கப்பல்கள் கரைசேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வழக்குப் போட்டவர்கள் ஹென்றி கேபிள் என்ற இளைஞரும் அவர் மனைவி சூசன்னாவும். இருவருமே தண்டனைக் கைதிகள். ஒரு கப்பல் கேப்டன்தான் பிரதிவாதி. தங்களுக்கென்று ஊரார் கொடுத்தனுப்பிய மூட்டை அவருடைய கப்பலில் காணாமல் போய்விட்டது, அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்பது வழக்கு.

ஆங்கிலேயச் சட்டப்படி அந்த மண்ணில் நடந்த முதல் சிவில் வழக்கு இதுதான். கைதிகள் ஜெயித்தார்கள்.

ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் சவுக்கடியும் சங்கிலியும்தான் பக்கம் பக்கமாக வரும். அது பொய்யில்லை. 1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 பேர் அப்படி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஒரு பெயர், ஒரு குற்றம், ஒரு கப்பல். கேபிள் தம்பதியின் கதை மட்டும் இவ்வளவு விவரமாகக் கிடைப்பதற்குக் காரணம், அது அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் வந்ததுதான். அதைச் செய்தித்தாள் வரைக்கும் கொண்டுபோனது ஒரு சிறைக் காவலர். அவரைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

முதலில் குற்றம். ஹென்றி 1763இல் சஃபோக் மாவட்டத்தில் லாக்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1783இல், இருபது வயதுகூட நிரம்பாதபோது, தன் தகப்பனாரோடும் ஆபிரகாம் கார்மன் என்பவரோடும் சேர்ந்து நார்ஃபோக்கில் ஆளில்லாத ஒரு வீட்டைக் கொள்ளையடித்த வழக்கில் பிடிபட்டார். அந்த வீட்டில் இவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லையாம். கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரைச்சீலைகளைக்கூடக் கழற்றிக்கொண்டார்கள், ஜாடியில் உப்புநீரில் ஊறப்போட்டிருந்த இறைச்சியையும் எடுத்துக்கொண்டார்கள் என்று அந்தக் காலத்துச் செய்தி சொல்கிறது. எனக்கு அந்த இறைச்சி மறக்கவே மாட்டேன் என்கிறது. பணக்காரன் ஆவதற்குத் திட்டம் போட்டுத் திருடுகிறவன் ஊறப்போட்ட கறியை அள்ளிக்கொண்டு போகமாட்டான்.

தெட்ஃபோர்டு நீதிமன்றத்தில் மூவருக்கும் தூக்கு. இங்கிலாந்தில் அன்றைக்கு இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை உண்டு. அதனால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஹென்றியின் வயதைப் பார்த்து அவருடைய தண்டனையைத் தீவாந்தரமாக மாற்றினார்கள். தகப்பனாரையும் கார்மனையும் நார்விச்சில் தூக்கிலிட்டார்கள். அதே ஊர்ச் சிறையில்தான் மகன் அடைபட்டுக் கிடந்தார்.

தீவாந்தரம் சரி, எங்கே அனுப்புவது? அதற்கு முன்பு அமெரிக்கா இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் சுமார் 50,000 பேரை பிரிட்டன் அங்கே அனுப்பியிருந்தது. அமெரிக்கா சண்டை போட்டுப் பிரிந்துபோனதும் அந்தக் கதவு அடைபட்டது. தண்டனையை நிறைவேற்ற இடம் இல்லாமல் சிறைகள் நிரம்பின. பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களைத் துறைமுகங்களில் கட்டிவைத்து அவற்றிலும் கைதிகளை அடைத்தார்கள். ஹென்றி மாதிரியானவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்த இடத்தில்தான் சூசன்னா ஹோம்ஸ் வந்து சேர்ந்தார். சர்லிங்ஹாம் என்ற கிராமத்துப் பெண். 1784 மார்ச்சில், ஒரு வீட்டிலிருந்து லினன் துணிகளையும் வெள்ளிக் கரண்டிகளையும் திருடியதாக அதே தெட்ஃபோர்டில் அவருக்கும் தூக்கு விதித்து, பிறகு பதினான்கு வருடத் தீவாந்தரமாகக் குறைத்தார்கள். நார்விச் கோட்டை என்பது ஊர் நடுவே மேட்டின்மேல் நிற்கும் பழைய நார்மன் காலத்துக் கட்டடம். அன்று அதுதான் மாவட்டச் சிறை. அங்கே இருவரும் பழகினார்கள். 1786இல் ஒரு பையன் பிறந்தான். அவனுக்கும் ஹென்றி என்றே பெயர் வைத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை.

அந்த வருடம்தான் ஆஸ்திரேலியக் கரையில் இருந்த பாட்டனி விரிகுடாவில் கைதிகளைக் குடியேற்றுவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. கப்பலுக்குப் பெண்கள் வேண்டும் என்று மாவட்டச் சிறைகளுக்கு உத்தரவு போனது. நார்விச்சிலிருந்து மூன்று பெண்கள். அதில் சூசன்னா ஒருவர். கைக்குழந்தையும் கூடவே. ஹென்றி தன்னையும் அனுப்பும்படி மன்றாடினார். உத்தரவில் அவர் பெயர் இல்லை. நவம்பர் குளிரில் மூன்று பெண்களையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பிளிமத்துக்குப் புறப்பட்டவர்தான் ஜான் சிம்ப்சன். நார்விச் சிறையில் சாவி வைத்திருந்த காவலர்.

நார்விச் இங்கிலாந்தின் கிழக்கு ஓரம், பிளிமத் தென்மேற்குக் கோடி. நாட்டின் அகலம் முழுக்கக் கோச்சு வண்டியில் போக வேண்டும். போய்ச் சேர்ந்து, படகில் ஏறி, டன்கர்க் என்ற சிறைக்கப்பலின் பக்கத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். கடைசியில் கப்பல் கேப்டன் பெண்களை ஏற்றுக்கொண்டார். குழந்தையை ஏற்கமாட்டேன் என்றார். தனக்கு வந்த உத்தரவில் குழந்தை இல்லை என்பது அவர் பேச்சு. மேலிடத்தில் கேட்டு உத்தரவு வரும்வரையாவது குழந்தை தாயோடு இருக்கட்டும் என்று சிம்ப்சன் கெஞ்சிப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார். தாயிடமிருந்து பால்குடிக் குழந்தையைப் பிரித்தார்கள். கையில் ஏதாவது கிடைத்தால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று கத்திக்கொண்டே சூசன்னா உள்ளே கொண்டுபோகப்பட்டார்.

சிம்ப்சனின் வேலை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. மூன்று கைதிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தாயிற்று. குழந்தையை அந்த ஊரில் யாரிடமாவது விட்டுவிட்டு நார்விச் திரும்பியிருந்தால் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு லண்டனுக்குக் கோச்சு ஏறினார். வழியெல்லாம் சத்திரத்துக்குச் சத்திரம் இறங்கி அதற்கு ஆகாரம் கொடுத்தார். லண்டனில் நேராக உள்துறை அமைச்சர் சிட்னி பிரபுவைத் தேடிப் போனார்.

ஒரு மாவட்டச் சிறைக் காவலர் அமைச்சரைப் பார்ப்பது அன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை, இன்றைக்கும் இல்லை. வாசலிலேயே மறித்தார்கள். எப்படியோ ஒரு செயலாளரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். அவர் மனமிரங்கி உத்தரவை எழுதித்தரச் சம்மதித்தார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய அமைச்சரை உடனே பார்க்க முடியாது என்றார். சிம்ப்சன் அங்கேயே நின்றார். சிறிது நேரத்தில் சிட்னி பிரபு மாடிப்படியில் இறங்கி வருவதைப் பார்த்து ஓடிப்போய் முன்னால் நின்றுவிட்டார். பிரபு முதலில் காது கொடுக்க விரும்பவில்லை. சிம்ப்சன் விடவில்லை. முழுக்கதையையும் சொல்லி முடித்தபோது, குழந்தையைத் தாயிடம் சேர்க்கும்படி பிரபு உத்தரவு போட்டார். அதோடு நிற்கவில்லை. தகப்பனும் அவர்களோடு போகலாம் என்றார்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த இரண்டாவது உத்தரவை. சிம்ப்சன் வந்தது குழந்தைக்காக. கிடைத்த ஒரு நிமிடத்தில் ஹென்றியின் பேச்சையும் எடுத்திருக்கிறார். நார்விச்சில் அந்த ஆள் அழுதுகொண்டு நின்றதை மறக்காமல் மனதில் வைத்திருந்தால்தான் அது வாயில் வரும்.

பிறகு நார்விச் போய் ஹென்றியைக் கூட்டிக்கொண்டு, குழந்தையோடு மறுபடியும் பிளிமத். அந்தப் பயணம் முடிந்ததும் சிம்ப்சன் எழுதிய கடிதம் செய்தித்தாளில் வெளியானது. தாயும் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்ததைப் பார்த்துத் தன் கண்ணிலும் நீர் வந்ததென்று அதில் எழுதுகிறார். குழந்தைக்காகத் தாய் பால் வற்றிவிடாமல் காத்து வைத்திருந்தார் என்று சொல்கிறார். போகவும் வரவுமாக எழுநூறு மைலுக்கு மேல் மடியிலேயே வைத்திருந்த குழந்தையைப் பிரிவது தனக்குக் கஷ்டமாக இருந்தது என்கிறார். வழியில் சத்திரங்களில் கிடைத்த ஆசீர்வாதமே தனக்குப் போதும் என்று முடிக்கிறார். தாயின் பால் பற்றிய அந்த ஒரு வரிக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அரசாங்கக் காகிதங்களில் அந்த மாதிரி விஷயம் வராது. கூட இருந்து பார்த்தவர் எழுதியதால் வந்தது.

செய்தி பரவியதும் ஜனங்கள் உருகிவிட்டார்கள். கடோகன் சீமாட்டி முன்நின்று நன்கொடை திரட்டினார். இருபது பவுண்டு சேர்ந்தது. அந்தப் பணத்தில் குடும்பத்துக்கு வேண்டிய துணிமணிகளும் வேறு சாமான்களும் சில புத்தகங்களும் வாங்கி, மூட்டையாகக் கட்டி, அலெக்சாண்டர் என்ற கப்பலில் ஏற்றினார்கள். குடும்பம் ஏறியது ஃபிரெண்ட்ஷிப் என்ற வேறொரு கப்பலில்.

1787 மே 13ஆம் தேதி பதினோரு கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பின. டெனரீஃப், ரியோ, நன்னம்பிக்கை முனை என்று சுற்றிக்கொண்டு எட்டு மாதத்துக்கு மேல் கடலில். பயணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நன்னம்பிக்கை முனையில் ஆடுகளை ஏற்ற இடம் வேண்டும் என்று ஃபிரெண்ட்ஷிப்பில் இருந்த பெண் கைதிகளை மற்ற கப்பல்களுக்கு மாற்றினார்கள். சூசன்னாவும் குழந்தையும் ஷார்லட் என்ற கப்பலுக்குப் போனார்கள்; ஹென்றி இருந்த இடத்திலேயே இருந்தார். சிம்ப்சன் அவ்வளவு அலைந்து சேர்த்துவைத்த குடும்பத்தை ஆட்டுக்காக மறுபடி பிரித்தார்கள். அந்தக் கப்பலில் வந்த ரால்ஃப் கிளார்க் என்ற அதிகாரி, இந்தப் பெண்களைவிட ஆடுகள் நல்ல பயணத் துணையாக இருக்கும் என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு குழுவைப் பற்றி அதிகாரத்தில் உள்ளவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு வரி போதும்.

1788 ஜனவரி 26ஆம் தேதி கப்பல்கள் ஒரு சிறிய துறைக்கு வந்து சேர்ந்தன. மாடிப்படியில் சிம்ப்சன் வழிமறித்த அந்த அமைச்சரின் பெயரைத்தான் அந்தத் துறைக்கு வைத்தார்கள். பிப்ரவரி 10ஆம் தேதி பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் ஐந்து ஜோடிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். கேபிள் தம்பதி அதில் ஒரு ஜோடி. அன்றே மணமுடித்த இன்னொரு ஜோடி வில்லியம் பிரையன்ட்டும் மேரியும். இந்த மேரிதான் மூன்று வருடம் கழித்துக் கணவனோடும் இரண்டு குழந்தைகளோடும் கவர்னரின் படகைக் கிளப்பிக்கொண்டு தீமோர் வரை தப்பிப்போய்ப் பெயர் பெற்றவர். அது பெரிய கதை, தனியாக எழுத வேண்டியது.

கல்யாணம் முடிந்த அதே மாதம், 27ஆம் தேதி, தாமஸ் பாரெட் என்ற கைதியைத் தூக்கில் போட்டார்கள். பண்டகசாலையிலிருந்து உணவைத் திருடியதற்கு. அந்தக் குடியேற்றத்தில் நடந்த முதல் தூக்கு அது. விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் ஜட்ஜ் அட்வகேட் டேவிட் காலின்ஸ். கடற்படை வீரர்களின் அதிகாரி. சட்டம் படித்தவர் இல்லை. இதே காலின்ஸ்தான் ஜூலையில் கேபிள் வழக்கையும் கேட்கப் போகிறவர்.

மூட்டை வந்து சேரவில்லை. புத்தகங்கள் மட்டும் கைக்கு வந்தன. துணிகள் இல்லை. அலெக்சாண்டரின் கேப்டன் டங்கன் சின்க்ளேரிடம் பலமுறை கேட்டும் பலனில்லை. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தார். கப்பல் போய்விட்டால் அப்புறம் மூட்டையும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. அதனால் வழக்கு.

இந்த இடத்தில்தான் சட்டம் குறுக்கே நின்றிருக்க வேண்டும். மரண தண்டனை விதிக்கப்பட்ட குற்றவாளி, இங்கிலாந்துச் சட்டத்தின் பார்வையில் செத்தவன். தண்டனை குறைக்கப்பட்டு உயிரோடு நடமாடினாலும் சரி, அவனுக்குச் சொத்துரிமை கிடையாது, அவன் வழக்குப் போட முடியாது, சாட்சி சொல்ல முடியாது. லண்டனில் இவர்கள் நீதிமன்றத்துக்கு வந்திருந்தால், தண்டனைக் காகிதத்தை எதிர்த்தரப்பு நீட்டிய மறுகணமே வழக்கு முடிந்திருக்கும்.

வழக்கின் ஆவணம் இன்னும் இருக்கிறது. அதில் ஹென்றி கேபிள், அவர் மனைவி சூசன்னா என்று எழுதிவிட்டு, அவர்கள் யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில், இந்த ஊரில் புதிதாகக் குடியேறியவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதிய பிறகு அதை அடித்திருக்கிறார்கள். அடித்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

அந்தக் காகிதத்தை எழுதியவர் முன்னால் இரண்டு வழிதான். குடியேறியவர்கள் என்று எழுதினால் அது உண்மை இல்லை. அவர்கள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள். கைதிகள் என்று எழுதினால் அதோடு வழக்கு செத்துவிடும். முதல் சொல்லை அடித்தார்கள், இரண்டாவதை எழுதாமல் விட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் வழக்கு நடந்தது. சட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அடித்தலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கைதிகளின் தண்டனை விவரம் அடங்கிய காகிதங்கள் ஒழுங்காக அனுப்பப்படாததால், யாருக்கு எத்தனை வருடம் என்பதே கவர்னர் பிலிப்புக்குத் தெரியாமல் இருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் காகிதம் இல்லாததுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சின்ன ஊரில் ஹென்றியும் சூசன்னாவும் கைதிகள் என்பது எல்லாருக்கும் தெரியும். நீதிபதிகளாக உட்கார்ந்த மூவரில் ஒருவர் ஜான்சன் பாதிரியார். ஐந்து மாதம் முன்பு இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தவரே அவர்தான். மற்றொருவர் காலின்ஸ், மூன்றாமவர் டாக்டர் ஜான் வைட். மூவரும் தெரிந்தேதான் உட்கார்ந்தார்கள்.

கேப்டனைக் கூட்டிவரும்படி, நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் ப்ரோவோ மார்ஷல் ஹென்றி புரூவருக்கு உத்தரவு போனது. ஒரு கைதியின் புகாரின்பேரில் கப்பல் கேப்டன் நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. மூட்டை கப்பலில் ஏற்றப்பட்டதை சின்க்ளேர் தரப்பு மறுக்கவில்லை. சாமான்களை இடம் மாற்றியபோது மூட்டை பிரிந்துவிட்டது, உள்ளே இருந்த புத்தகங்கள் வெளியே விழுந்தன, அவற்றைக் கொடுத்துவிட்டோம், மற்றது என்ன ஆயிற்று என்று தெரியாது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகங்கள் போக மீதிக்கு ஈடாகப் பதினைந்து பவுண்டு தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஜூலை 14ஆம் தேதி அலெக்சாண்டர் கிளம்பிப் போனது.

பதினைந்து பவுண்டு என்பது அன்று ஒரு பண்ணைக் கூலியாளின் வருட வருமானத்தில் பெரும்பகுதி. ஆனால் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. திருடியதற்காக நாடு கடத்தப்பட்ட இருவரைப் பார்த்து, உங்களுடையதை இன்னொருவன் தொலைத்துவிட்டான், அது தவறு என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. உங்களுடையது என்று ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தத் தீர்ப்பை எழுதவே முடியும். பசியோடு பட்டாணி திருடினாலும் கயிறு என்று இருந்த ஊரில், அதே காலின்ஸ் கையால் இது நடந்தது. இதைச் சட்டத்தின் ஆட்சிக்கு அடிக்கல் என்று மேடைகளில் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெருமிதத்தில் முழுச் சம்மதம் இல்லை. சட்டம் அன்று தானாக நியாயமாக நடந்துகொள்ளவில்லை. சட்டம் சொன்னபடி நடந்திருந்தால் இவர்கள் தோற்றிருப்பார்கள். டன்கர்க் கப்பலின் கேப்டனும் சட்டப்படிதானே நடந்துகொண்டார்? உத்தரவில் இல்லாத குழந்தையை அவர் ஏற்கவில்லை. சிம்ப்சன் மாதிரி, இந்த மூன்று நீதிபதிகளும் காகிதத்தைத் தாண்டி எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்தார்கள். நடந்தது அதுதான்.

இதே தண்டனையை பிரிட்டிஷார் இந்தியாவிலும் கையாண்டார்கள். 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டுவிட்டு, அடுத்த வருடத் தொடக்கத்தில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களுக்காக மாடிப்படியில் நின்று மறித்துப் பேச யாரும் இல்லை.

அதற்குப் பிறகு ஹென்றியின் வாழ்க்கை விறுவிறு என்று மேலே போகிறது. முதலில் மேஸ்திரி, அப்புறம் காவலர், பிறகு தலைமைக் காவலர். 1794, 1795இல் பீட்டர்ஷாம் குன்றுப் பக்கம் நிலம் கிடைத்தது. பக்கத்தில் நிலம் பெற்ற நால்வரிடம், பட்டா கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் அதை வாங்கிப் போட்டார். 1798இல் மதுக்கடையோடு ஒரு விடுதி. 1800 முதல் ஜேம்ஸ் அண்டர்வுட் என்ற கப்பல் கட்டுகிறவரோடு கூட்டு. பிறகு சைமன் லார்டும் சேர்ந்துகொண்டார். மூவருமே கைதிகளாக வந்தவர்கள். கப்பல் கட்டி, பாஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஆட்களை அனுப்பிக் கடல்நாய்களைக் கொன்று தோலையும் எண்ணெயையும் விற்றார்கள். கண்மண் தெரியாத வேட்டை. சில வருடங்களிலேயே அந்தத் தீவுகளில் கடல்நாய்கள் அருகிப்போயின.

ஹென்றியைப் பாவப்பட்ட நல்லவராக மட்டும் நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இந்தப் பகுதி சங்கடமாக இருக்கும். 1802இல் துறைமுக விதிகளை மீறியதற்காகவும் ஒரு கப்பலிலிருந்து சட்டவிரோதமாகப் பன்றிகள் வாங்கியதற்காகவும் தலைமைக் காவலர் வேலை போயிற்று. கூட்டாளிகளோடு 1809 வாக்கில் முறிந்து, மாறி மாறி வழக்குகள். கையெழுத்துக்குப் பதிலாகக் குறி போட்டு முதல் வழக்கைத் தொடுத்தவர் நீதிமன்றத்தை நன்றாகவே பழகிக்கொண்டார். 1811இல் விண்ட்சருக்குக் குடிபெயர்ந்து அங்கே கடையும் மதுவடிப்புச் சாலையும் நடத்தினார். எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. ஒருவர் நல்லவராக இருந்தால்தான் அவருடைய மூட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்று இல்லையே.

எனக்கு வருத்தம் தருவது சூசன்னா. 1786இல் அவருடைய அழுகையும் கோபமும் செய்தித்தாளில் வந்தன. 1788இல் வாதியாக அவர் பெயர் நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம் உயிரோடு இருந்தும் ஆவணங்களில் அவர் பேச்சே குறைந்துவிடுகிறது. பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தன என்பது மட்டும் தெரிகிறது. மூத்த மகள் டயானா 1809இல் வில்லியம் காட்ரி என்ற அரசாங்க உத்தியோகஸ்தரை மணந்தார். கைதிகளின் மகளுக்கு அந்த ஊரில் அது சாதாரண சம்பந்தம் இல்லை. மகன் ஜேம்ஸ் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளையர் கையில் இறந்துபோனார். இதையெல்லாம் சூசன்னா எப்படித் தாங்கினார் என்று எழுதிவைக்க அப்போது ஒரு சிம்ப்சன் பக்கத்தில் இல்லை. 1825 நவம்பர் 8ஆம் தேதி அவர் இறந்தார். ஹென்றி 1846 மார்ச் 16 வரை, எண்பத்திரண்டு வயது வரை இருந்தார். இருவரையும் அடக்கம் செய்தது விண்ட்சரில் புனித மத்தேயு தேவாலயத்தில். சிட்னியில் இருக்கிறவர்கள் ரிச்மண்ட் ரயிலில் போய்ப் பார்த்துவரலாம். அந்த தேவாலயத்தை வடிவமைத்த ஃபிரான்சிஸ் கிரீன்வேயும் கள்ளக் கையெழுத்து வழக்கில் நாடு கடத்தப்பட்டு வந்தவர்தான்.

வழக்குக்குத் திரும்புகிறேன். 1788இல் அடித்துவிட்டுக் காலியாக விட்ட அந்த இடம் ரொம்ப காலத்துக்குத் தாங்கியது. கைதிகளும் விடுதலையானவர்களும் சிட்னி நீதிமன்றங்களில் சொத்துக்காகவும் கடனுக்காகவும் வழக்குப் போட்டு வந்தார்கள். ஊரின் வியாபாரமே அதை நம்பித்தான் நடந்தது. 1819இல் லண்டனில் ஒரு தீர்ப்பு அதை ஆட்டிவைத்தது. கவர்னர் கொடுத்த மன்னிப்பு மட்டும் போதாது, அரச முத்திரையோடு வந்த மன்னிப்பில் பெயர் இருந்தால்தான் உரிமை திரும்பும் என்று ஆகிவிட்டது. ஒரே அடியில் ஆயிரக்கணக்கானவர்களின் நிலமும் பணமும் கேள்விக்குறி. எட்வர்டு ஈகர் என்ற அயர்லாந்துக்காரர், அவரும் கைதியாக வந்த வக்கீல், டாக்டர் வில்லியம் ரெட்ஃபெர்னோடு 1821இல் கப்பலேறி லண்டனுக்கே போய் முறையிட்டார். 1823இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைச் சரிசெய்தது.

அந்த மண்ணிலேயே பிறந்தவர்களுக்கு அந்தக் காலியிடம் எந்த உதவியும் செய்யவில்லை. கப்பல்கள் வந்து இறங்கிய துறையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கடிகல் மக்கள். 1789இல் பெரியம்மை அவர்களையும் அக்கம்பக்கத்துக் குழுக்களையும் வாரிக்கொண்டு போனது. ஹென்றிக்கு பீட்டர்ஷாம் குன்றில் எழுதிக் கொடுத்த நிலம், எழுதிக் கொடுத்தவர்களுக்குச் சொந்தமானது இல்லை. அதைப் பற்றி வழக்குப் போட யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பைபிள்மேல் சத்தியம் செய்ய முடியாதவர்களின் சாட்சி செல்லாது என்று, நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றங்கள் பழங்குடி மக்களின் வாய்மொழியை 1876 வரை ஏற்கவில்லை. தொலைந்த ஒரு மூட்டைக்கு ஆறு மாதத்துக்குள் நியாயம் கிடைத்த ஊர் அது.